நடுக்கள வீரனை ஓரத்துக்குத் தள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜை இந்தியக் கால்பந்து அணி வரை அனுப்பிய கரை நம்முடையது. இங்கே சிறுவர் அணிகளைத் தேர்வு செய்யும் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பாஸ் கொடுப்பதில் கெட்டிக்காரனாக இருந்தும் உடம்பு சிறுத்த பையனை, நடுவில் நின்றால் இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து விங்குக்கு, அதாவது மைதானத்தின் ஓரத்துக்கு, அனுப்பாதீர்கள்.

இங்கிலாந்து நடுக்கள வீரர் பால் ஸ்கோல்ஸ் ஐந்தரை அடிக்குச் சற்றே அதிக உயரம், ஆஸ்துமாவும் உண்டு. அவர்தான் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்கு 718 ஆட்டங்கள் ஆடி 155 கோல் அடித்தவர். ஆனால் 2004 ஐரோப்பியக் கோப்பையில் ஜெரார்ட், லாம்பார்ட் என்ற வேறு இரண்டு நடுக்கள வீரர்களை நடுவில் நிறுத்துவதற்காக இங்கிலாந்து அணி அவரை இடது ஓரத்துக்கு ஒதுக்கியது. அந்தத் தொடர் முடிந்ததும், 66 ஆட்டங்களோடு, 29 வயதில் சர்வதேசக் கால்பந்தை விட்டார். குடும்பத்தைத்தான் காரணமாகச் சொன்னார். ஆனாலும் அதன்பிறகு கிளப்பின் நடுக்களத்தை 2013 வரை அவர் ஆண்டதைப் பார்த்தால், இங்கிலாந்து எதை இழந்தது என்பது புரியும்.

அவருடைய பலம் ஓட்டத்தில் இல்லை, பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்வதில் இருந்தது. இதைப் பழக்கலாம். பத்து மீட்டர் சதுரத்தில் வெளியே நான்கு பேர், உள்ளே பறிக்க இரண்டு பேர். ஒருவருக்கு இரண்டு தொடுதல்தான். பந்து வாங்கப் போகிறவனுக்குப் பின்னால் பயிற்சியாளர் நின்று விரல்களைக் காட்ட வேண்டும். பந்து காலுக்கு வருமுன் அவன் எண்ணைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பறிக்கும் வேலை அவனுக்கு.

இதைக் கடற்கரையில் செய்யாதீர்கள். மணல் காலுக்கு வலுத் தரும், ஆனால் அதில் பந்து உருளாது. அதனால் பையன்கள் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடவோ, தூக்கி அடிக்கவோ பழகிவிடுகிறார்கள். பாஸ் பயிற்சிக்குக் கெட்டித் தரைதான் சரி.

நீண்ட பாஸுக்கு, ஊன்றும் கால் பந்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி, இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும். அந்தக் கால் பின்தங்கினால் உடம்பு பின்னால் சாய்ந்து பந்து வானத்துக்குப் போகும். உதைக்கும் காலின் கணுக்கால் தளர்ந்தால் பாதி வழியிலேயே வேகம் செத்துவிடும். பெரும்பாலான பையன்களிடம் இந்த இரண்டு பிழைகள்தான். உதைக்கும் வலு போதாமல் இல்லை.

ஸ்கோல்ஸிடம் கற்கக் கூடாததும் ஒன்று உண்டு. எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் அவருடைய டேக்கிள் எப்போதும் அரை நொடி தாமதம். 1999 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டையால் தடை வந்து இறுதி ஆட்டமே ஆட முடியாமல் போனது. அந்த ஆண்டு ஜூனிலேயே வெம்ப்ளியில் இங்கிலாந்துக்காக ஆடியபோது ஸ்வீடனுக்கு எதிராகச் சிவப்பு அட்டை! சிறுவர்களைச் சறுக்கி விழுந்து பறிக்க விடாதீர்கள். ஒரு கை தூரத்தில் பக்கவாட்டாக நின்று எதிராளியை ஓரத்துக்கு ஒதுக்கினால் போதும்.

போட்டி நடத்தும் மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகக் கோல் அடித்தவருக்கும் சிறந்த கோல்கீப்பருக்கும் பரிசு தருகிறீர்கள். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவிலாவது சிறந்த நடுக்கள வீரருக்கு ஒரு கோப்பை வையுங்கள்.

கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.