ரப்பர் காட்டுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கும் மகளுக்கு

அன்புள்ள மக்களே,

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போனில் இதெல்லாம் சொல்லி முடியாது, குலசேகரம் தாண்டினால் உனக்குப் பாதி நேரம் சிக்னலும் கிடைப்பதில்லை. அடர்த்தி என்றால் என்ன என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'ஓரலகு பருமனில் உள்ள நிறை' என்கிறது, சரி, அப்படியென்றால் ஒரு குடம் தண்ணீருக்கு அடர்த்தி அதிகமா ஒரு டம்ளர் தண்ணீருக்கு அதிகமா என்று கேட்டால் குடத்துக்குத்தான் என்கிறார்கள், ஒன்றுமே ஏறவில்லை அம்மா என்று வருத்தப்பட்டாய். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நீ கேட்டது நல்ல கேள்வி. பாடம் முடிந்த பிறகு கேட்டாய், பாடம் தொடங்கும் முன்பே கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் வகுப்புக்கு வருவதில்லை. கனமான பொருள் வேகமாக விழும், பல்புக்குள் போன மின்னோட்டம் அங்கேயே செலவாகித் தீர்ந்துவிடும், கொதிக்கிற தண்ணீரில் வரும் பெரிய குமிழிக்குள் காற்று இருக்கும், சர்க்கரை கரைந்தால் அதன் எடை காணாமல் போகும், இப்படி எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருக்கிறது. அதெல்லாம் சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை, கண்ணால் பார்த்து அவர்களே யோசித்துச் சேர்த்தது. நாம் போய் வரையறையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் அதை எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், உள்ளே இருக்கிற பழைய விளக்கம் மட்டும் அசையாமல் அப்படியே இருக்கும். அதனால் முதலில் கேள். எல்லாரும் வாய்விட்டுச் சொல்லட்டும், சொன்னதையெல்லாம் கரும்பலகையில் எழுது, எது சரி எது தவறு என்று முகத்தில்கூடக் காட்டாதே. அப்புறம் செய்துகாட்டு. பெயரும் வரையறையும் கடைசியில் வரட்டும்.

அடர்த்தியையே எடுத்துக்கொள். உன் வகுப்பில், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள், அந்தப் பாலை உறையவைத்து ஷீட் அடிக்காமல் பாலாகவே விற்கிற வீடுகளில் மெட்ரோலாக் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரப்பர் பாலில் மிதக்கவிட்டு அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்கிற கண்ணாடிக் கருவி. பசும்பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க சொசைட்டியில் போடுகிற லாக்டோமீட்டரும் அதே வகைக் கருவிதான். இந்த இரண்டையும் மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேள்: பசும்பாலில் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் இன்னும் இறங்குமா, மேலே எழும்புமா? ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் என்ன செய்யும்? இரண்டும் இறங்கும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள், தண்ணீர் கலந்தால் எதுவும் நீர்த்துப்போகும், நீர்த்துப்போனால் கருவி இறங்கும் என்பது அவர்கள் கணக்கு.

பசும்பால் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.03 கிலோ, தண்ணீரை விடச் சற்றுக் கனம். அதில் தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி குறையும், லாக்டோமீட்டர் இறங்கும். ரப்பரோ தண்ணீரை விட லேசு, அதன் அடர்த்தி 0.92 பக்கம். அது கலந்திருப்பதால் ரப்பர் பாலும் மொத்தத்தில் தண்ணீரை விடக் கொஞ்சம் லேசாக இருக்கும், அதில் தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி கூடும், மெட்ரோலாக் எழும்பும். இரண்டிலும் ஊற்றியது அதே தண்ணீர், நடந்தது நேர் எதிர். இதை நீ வாயால் சொல்லிவிடாதே, அவர்களே ஊற்றிப் பார்க்கட்டும். பார்த்த பிறகு ஏன் என்று கேட்டால் அரைமணி நேரம் சண்டை போடுவார்கள், அந்தச் சண்டைக்குள் குடமும் டம்ளரும் தானாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் கருவி எவ்வளவு மூழ்குகிறது என்பதைப் பால் எவ்வளவு இருக்கிறது என்பது மாற்றுவதில்லை என்று கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் விட்டு அளந்து, வந்ததை மூன்றால் பெருக்குவார்கள் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லக்கூடும், அவனையே முன்னால் கூப்பிட்டு ஏன் மூன்று என்று விளக்கச் சொல். கருவி கிடைக்கவில்லை என்றால் ஒரு ஸ்ட்ராவின் அடியை மெழுகால் அடைத்து உள்ளே கொஞ்சம் மணல் போடு, அது நட்டுக்குத்தாக மிதக்கும், பேனாவால் கோடு போட்டால் போதும்.

நான் கடற்கரைப் பக்கம் எடுத்தபோது இயக்க விதிக்கு வள்ளம்தான் கைகொடுத்தது. ஓடிக்கொண்டே இருக்க விசை வேண்டும் என்று பிள்ளைகள் உறுதியாகச் சொல்வார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகு வள்ளம் உடனே நின்றுவிடுமா என்று கேட்டால் இல்லை, போய்க்கொண்டே இருக்கும் என்பார்கள். அதே வள்ளத்தை மணலில் இழுக்கும்போது கையை விட்டால்? அந்த நிமிஷமே நின்றுவிடும். அப்படியென்றால் நிறுத்துவது யார் என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் நிற்பேன். உராய்வு அவர்கள் வாயிலிருந்தே வரும், நியூட்டனின் முதல் விதிக்கு அதற்கப்புறம் வேலை குறைவு. உங்கள் பக்கம் வள்ளம் இல்லை, ஆனால் ஷீட் அடிக்கிற மிஷின் இருக்கிறது, அதன் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுத்தால் எவ்வளவு ஓடும், எண்ணெய் விட்ட பிறகு எவ்வளவு ஓடும் என்று வீட்டில் பார்த்துவரச் சொல்.

மின்னோட்டத்துக்கு அதிகம் வேண்டாம். பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர், எதில் அதிகம் காட்டும் என்று முதலிலேயே கையைத் தூக்கச் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போடு. இரண்டும் ஒரே அளவு காட்டும்.

இப்போது ஒரு எச்சரிக்கை. தட்டில் தண்ணீர் வைத்து நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கண்ணாடி டம்ளரால் மூடினால் மெழுகுவர்த்தி அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும், தெரியுமே. எரிந்ததில் ஆக்சிஜன் தீர்ந்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதனால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லப்படுகிறது. அந்த விளக்கத்தைச் சொல்லிவிடாதே மக்களே. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்னாலேயே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் வந்து சேர்கின்றன, நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது, அதில் ஒரு பங்கு உண்டு. பெரிய காரணம் வெப்பம். டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்திருக்கிறது, கொஞ்சம் விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறியும் விடுகிறது, சுடர் அணைந்ததும் உள்ளே மிச்சமிருக்கிற காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சாட்சி வேண்டுமா? தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனிக்கச் சொல். எரியும்போது மெல்ல மெல்ல ஏறாது, அணையும் நேரத்தில்தான் சட்டென்று ஏறும். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார், தண்ணீர் இன்னும் மேலே வரும், டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் என்னவோ அதே அளவுதான். ஒரு விளக்கத்தை எப்படிச் சோதித்துத் தள்ளுவது என்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

வேதியியலுக்கு நீ இருக்கிற இடமே ஆய்வகம். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் ஏன் உறைகிறது என்று அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், தினமும் வீட்டில் பார்ப்பதால். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் மேல் எதிர் மின்சுமை இருக்கிறது, ஒன்றையொன்று தள்ளுவதால் ஒட்டாமல் நிற்கின்றன. ஃபார்மிக் ஆசிட் கொடுக்கும் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையைத் தணித்ததும் துகள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கட்டியாகின்றன. உறையாமல் பாலாகவே வைக்க வேண்டும் என்றால் அமோனியா விடுவார்கள், அது காரம். அமிலம் உறைய வைக்கிறது, காரம் காப்பாற்றுகிறது, ஒரே பாத்திரத்தில் ஒரு பாடம் முழுவதும் இருக்கிறது. சிவப்பு எறும்பு பீச்சுவதும் அதே ஃபார்மிக் ஆசிட் என்றால் நம்பவே மாட்டார்கள், கேட்டுப் பார்.

நம் வீட்டுப் பக்கம் என்றால் அக்கானி, அதாவது பதநீர். பனையில் கட்டுகிற கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள்? தடவாவிட்டால் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றிக் கள்ளாக்கிவிடும், சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டுக்கு வேலை ஓடாது. அக்கானியில் மஞ்சள்தூள் போட்டுப் பார்க்கச் சொல், சுண்ணாம்பு இருந்தால் சிவக்கும். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறும் எடுத்துக்கொள், எலுமிச்சையில் நல்ல சிவப்பாகவும் சுண்ணாம்புத் தண்ணீரில் பச்சையாகவும் மாறும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால்போலாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது, நீ அதோடு நிறுத்தாமல் மேலும் ஊதச் சொல். வெகுநேரம் ஊதினால் மறுபடி தெளிந்துவிடும், கரையாத கால்சியம் கார்பனேட் கரையும் பைகார்பனேட்டாக மாறுவதால். ஊதுவது மட்டும், உறிஞ்சக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடு. ஆசிட் விஷயத்தில் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டில் இருக்கிற ஆசிட்டை யாரும் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது, கரைசல் செய்வது நீ மட்டும், எப்போதும் தண்ணீரில் ஆசிட்டை ஊற்று, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதே.

மனப்பாடமே கூடாது என்று நினைத்துவிடாதே. தனிமங்களின் குறியீடு, இணைதிறன், அலகுகள், இதெல்லாம் நெட்டுருப் போட்டே ஆக வேண்டும், அது இல்லாமல் சமன்பாட்டில் கைவைக்க முடியாது. அவர்கள் அடுத்த வருஷம் எழுதப் போகும் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25, அதையும் மறக்க முடியாது, அந்தப் பிள்ளைகளுக்கு அந்த மார்க் பெரிய விஷயம். சமன்பாட்டைச் சமன் செய்வதற்குப் புளியங்கொட்டையும் மஞ்சாடி முத்தும் எடுத்துக்கொடு. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறு என்று கையால் அடுக்கினால், முன்னால் போடும் எண்ணை மாற்றலாம், கீழே இருக்கும் எண்ணைத் தொடக் கூடாது என்பது ஏன் என்று புரிந்துவிடும். கணக்கில் தோற்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் இயற்பியல் தெரியாமலில்லை, தசம வகுத்தல்தான் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுத வை. சூத்திரத்தை முக்கோணம் போட்டு மூடித் திறக்கிற வித்தை எனக்குப் பிடிக்காது, முக்கோணம் மறந்தால் எல்லாமே போய்விடும்.

முதல் பீரியடில் தூங்குகிற பையனைப் பற்றிச் சொன்னாயே. விடியும் முன்னே அப்பாவுக்கு உதவியாக வெட்டுக்குப் போய்விட்டு வருகிறான் என்றால் திட்டாதே, சமயம் பார்த்து அவன் வீட்டில் நல்லவிதமாகப் பேசு. ஏன் விடியும் முன்னே வெட்டுகிறார்கள் என்று அவனிடமே கேள். வெயில் ஏறினால் இலை வழியாகத் தண்ணீர் போய், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து, பால் வருவது குறையும். அழுத்தம் பற்றிய பாடத்தை அவன் தொடங்கி வைக்கட்டும்.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு கிடைத்தால் அணுக்கரு இயற்பியல் வரும், அப்போது அவர்களை மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குக் கூட்டிவா. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் கண்டார், அதைத் தேடித்தான் இங்கே வந்தார். மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் மேண்டில் அப்படி வெள்ளையாக எரிந்ததற்குக் காரணம் தோரியம் ஆக்சைடும் அதில் கொஞ்சமாகச் சேர்த்த சீரியம் ஆக்சைடும். தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி வருஷம். கரையில் கறுப்பு மணல் தனிப் படலமாக ஒதுங்கிக் கிடப்பதையும் காட்டு. சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி 2.65 பக்கம், கறுப்பாகத் தெரியும் இல்மனைட் என்ற கனிமத்துக்கு 4.5க்கு மேல், லேசானதை அலை இழுத்துப் போக கனமானது தங்கிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் மெட்ரோலாக்கோடு சண்டை போட்ட பிள்ளைகள் இதைக் கேட்டதும் தாங்களே விளக்குவார்கள், பார்.

பாடம் முடிய வேண்டாமா என்று நீ கேட்பாய். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அடர்த்தி, விசை, மின்னோட்டம், எரிதல், அமிலம் காரம் இவற்றுக்குத் தாராளமாக நேரம் கொடு, மற்றதை வேகமாகக் கடந்து போ. என்னிடம் இருந்த இரண்டு அம்மீட்டரையும் அப்பா துடைத்து வைத்திருக்கிறார், ஒன்று பூஜ்ஜியத்தில் நிற்காது, முன்பக்கத் திருகைச் சரிசெய்துகொள். லாக்டோமீட்டர் வடசேரியில் வாங்கி வைக்கிறேன், சனிக்கிழமை வரும்போது எடுத்துக்கொண்டு போ. மெட்ரோலாக்கை மட்டும் பால் எடுக்கிற யாரிடமாவது ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கு. பிள்ளைகள் முதலில் என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வா, நான் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா