வாசிகசாலைக்கு வாங்குகள்

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று அறிந்து நிம்மதி.

நீ அனுப்பிய காசில் வாசிகசாலைக்குப் பிளாஸ்டிக் கதிரைகள் வாங்குவதாகத்தான் இருந்தோம். பெரியம்மாவைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது.

ஒருநாள் காலை பேப்பர் பார்க்க வந்தார். கதிரையில் இருந்தால் குதிக்கால் நிலத்தில் படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடித்து மேலே வைத்தார், கைபிடி முழங்காலில் இடித்தது. கடைசியில் இறங்கிச் சுவரோரம் சப்பாணி கட்டி இருந்துதான் பேப்பரை விரித்தார். எழும்ப இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் போட்டிருக்கும் நம்ம அண்ணர் ஒருவர் உடனே வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் குந்திக் காட்டினார். 1968 அளவில் டொக்டர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அந்தக் காலைச் செய்தபோது, குந்துவது, சப்பாணி கட்டுவது, வெறுங்காலோடு நடப்பது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்களாம். கால் செய்தவர்களே நாங்கள் இருக்கிற விதத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கதிரை செய்கிற நாங்கள் பார்க்காமல் விடலாமா?

அப்புறம் ஓடாவியாரைப் பிடித்தோம். வேப்பம் பலகையில் ஒரு வாங்கு 37 சென்ரிமீற்றர் உயரம், அகலம் 60. திண்ணை மாதிரிக் காலை மடித்தும் இருக்கலாம், பிடித்து எழும்ப ஒரு தலைப்பில் மட்டும் உயரமான கைபிடி. மற்றது 50 சென்ரிமீற்றர், முழங்கால் நோகிறவர்களுக்கு. கைபிடியே இல்லாத ஒன்றும் வேண்டும். உடம்பு பெருத்தவர்கள் கதிரைக்குள் நெருக்குப்பட்டு இருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

எங்கள் ஒழுங்கைத் தம்பி சக்கர நாற்காலியில் வருவான். வாசலில் சாய்தளம் கட்டிவிட்டோம், சரி, ஆனால் உள்ளே வந்தால் அவன் கதவோரத்தில்தான். அதனால் வரிசையின் நடுவில் 90 சென்ரிமீற்றர் இடம் விடச் சொன்னேன், இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்து அவனோடு கதைக்கும்படி. ஓரத்தில் விட்டால் போதாதா என்று கேட்டார்கள். நான் விடவில்லை.

இன்னும் ஒரு வாங்குக்குப் பலகை மிச்சம் இருக்கிறது. உன் முழங்கால் மடிப்பிலிருந்து நிலம்வரை, செருப்போடு அளந்து எழுதி அனுப்பு. சித்திரைக்கு நீ வரும்போது தயாராக இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்