வீணைக்கு முன்னால் ஒரு மைக்: கச்சேரி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் கோயில் மண்டபங்களிலும் சமூக மன்றங்களிலும் கச்சேரி நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், அங்கே ஒலி அமைக்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம். நான் வீணை வாசிக்கிறவள், சொல்லியும் கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நவராத்திரியில் ஒரு மண்டபத்தில் வாசித்தேன். பிக்கப் (வாத்தியத்தின் மேல் ஒட்டி அதன் அதிர்வை எடுக்கும் சிறு கருவி) ஒட்டாமல் மைக்கிலேயே வாசிக்க ஆசைப்பட்டு, மெல்லிய ஓசையையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் ஒன்று வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். மைக் வந்தது. ஆனால் மேடை எங்கள் கைக்கு வந்தது நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது. வர்ணத்தின் பல்லவி முடிவதற்குள் ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்தது. ஒலியமைப்பாளர் ஓடி வந்து கண்டென்சரை எடுத்துவிட்டு, வரவேற்புரைக்கு வைத்திருந்த டைனமிக் மைக்கை வைத்தார். ஊளை நின்றது. அதன் பிறகு நகம் படுகிற சத்தம்தான் வெளியே போனது, சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் போகவில்லை. கச்சேரி முடிந்ததும் என் மாணவியின் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, “மிருதங்கம் நல்லா கேட்டுச்சும்மா” என்றார்.

“கண்டென்சர் என்றாலே ஊளைதான்” என்ற பேச்சு அதற்குப் பிறகு பல மேடைகளில் என் காதில் விழுந்துவிட்டது. அது சரியல்ல என்று சொல்லத்தான் இந்த மடல்.

வீணையில் ஒருமுறை மீட்டிவிட்டுத் தந்தியை இழுக்கிறோம். கமகத்தின் பாதி உயிர் அந்த ஓசை தேய்ந்துகொண்டே போகும் நேரத்தில்தான் இருக்கிறது. டைனமிக் மைக்கில் ஒலி அசைக்கும் தகட்டோடு ஒரு கம்பிச் சுருளும் சேர்ந்து அசைய வேண்டும். கண்டென்சரில் மெல்லிய தகடு மட்டும்தான், அதனால் தேய்கிற ஓசையையும் அது விடாமல் பிடிக்கும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் இன்றும் மேடைக்கு மேடை இருக்கிறது. பாடகரின் வாய்க்குப் பக்கத்தில் பிடிக்க அருமையான மைக். ஆனால் வீணைக்கு வாய் என்று ஓர் இடம் இல்லை. குடம், பலகை, குதிரை எல்லாம் சேர்ந்து காற்றில் கலப்பதுதான் அதன் நாதம். குதிரைக்குப் பக்கத்தில் ஒட்டுகிற பிக்கப்புக்கும் அந்த ஓர் இடத்தின் அதிர்வுதான் தெரியும்.

ஊளை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கரில் வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் ஊளை. மைக்குக்குக் கூர்மையான காது இருப்பதால் மட்டும் ஊளை வராது. அது கூடுதலாகக் கேட்கிறது என்றால் மிக்ஸரில் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்துக்கொள்ளலாம். மைக்குக்கு வந்து சேரும் வீணை ஒலி எவ்வளவு, ஸ்பீக்கர் ஒலி எவ்வளவு என்பதுதான் கணக்கு. அந்த நவராத்திரியில் மைக் இரண்டடிக்கு மேல் தள்ளி இருந்தது. பக்கத்து மானிட்டர் (மேடையில் வாசிப்பவர்கள் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) நேராக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெறியாளரின் மைக் திறந்தே கிடந்தது. அரங்குக் கூரையில் மின்விசிறி வேறு. தூரத்தைப் பாதியாக்கினால் வீணை ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் கூடிக் கிடைக்கும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால் ஊளை வராமல் ஒலியைக் கூட்ட நமக்குள்ள இடம் சுமார் 3 டெசிபெல் குறையும். இந்த இரண்டையும் கவனித்திருந்தாலே அன்றைக்குத் தப்பித்திருப்போம்.

எனக்குப் பலன் தந்த முறை இது. சின்ன கார்டியாய்டு கண்டென்சர் ஒன்றைக் குட்டையான ஸ்டாண்டில் வைத்து, குடத்துக்கும் குதிரைக்கும் நடுவே பார்க்கும்படி ஓர் அடி தூரத்தில் நிறுத்துங்கள். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அதனால் மானிட்டர் அந்த முதுகுக்கு நேர்ப் பின்னால், அதாவது எங்களுக்கு எதிரே தரையில் இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். தாழ்ந்த உறுமலை மிக்ஸரின் ஹை-பாஸ் வடிகட்டியில் வெட்டிவிடுங்கள், விசிறி இருந்தால் மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை போடுங்கள். கண்டென்சருக்கு வேண்டிய மின்சாரத்தைக் கேபிள் வழியே தரும் 48 வோல்ட் பேண்டம் பவரைப் போடும்போது மிக்ஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் ‘டம்’ என்று ஒரு வெடி. மிருதங்க வித்வானுக்கு மானிட்டரில் எவ்வளவு வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம். அண்ணன்மார் கோபிக்க வேண்டாம், அவர்களுடைய மானிட்டர் சத்தமும் என் மைக்குக்குள்தான் வருகிறது.

நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. குளிரூட்டிய வேனிலிருந்து மைக்கை எடுத்து நேராகத் திறந்தவெளிக் கூடாரத்தில் வைத்தால், ஈரம் உள்ளே பனித்துப் பொரிகிற மாதிரிச் சத்தம் வரும். அதைப் பார்த்துத்தான் பலர் ‘மைக் கெட்டுப்போச்சு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் அங்கேயே வைத்திருந்து பிறகு எடுங்கள். மற்ற நாட்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். காற்றும் பேருந்து இரைச்சலும் உள்ள திறந்தவெளி மேடையில் பிக்கப்போடு வாசிக்க எனக்குத் தயக்கமே இல்லை. அங்கே கண்டென்சருக்காக அடம்பிடிக்க மாட்டேன்.

ஏற்பாட்டாளர்களே, மேலே சொன்ன எதற்கும் பெரிய செலவு இல்லை. ஆனால் நேரம் வேண்டும், அது உங்கள் கையில் இருக்கிறது. பகலில் பூப்பந்து விளையாடுகிற மண்டபத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதும். எஸ்பிளனேட் கலை மையத்தின் சிறிய அரங்கில் செய்வதைவிட இங்கேதான் கூடுதலாகப் பொறுமை வேண்டும். ஆனால் இங்கேதான் பூ அலங்காரத்துக்கு இரண்டு மணி நேரமும் ஒலிச் சோதனைக்குப் பத்து நிமிடமும் கிடைக்கிறது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-இல் தொடங்கியது. அப்போதிருந்து இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வீணையும் வயலினும் சாதகம் செய்கிறார்கள். முதல் மேடை ஏறும் பிள்ளைக்குத் தன் வீணையின் நாதம் சபையின் கடைசி வரிசை வரை போக வேண்டும் என்று கேட்கத் தெரியாது. அதனால் நான் கேட்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் ஒலிச் சோதனைக்கு 45 நிமிடம் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் ஒத்திகை உரை, நாற்காலி இழுப்பு எதுவும் வேண்டாம். பேசாதவரின் மைக்கை மூடி வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒலியமைப்பாளரை வாசிப்பவர்களோடு முன்பே பேசவிடுங்கள். வரும் நவராத்திரிக்குள் எந்த மண்டபத்திலாவது சோதித்துப் பார்க்க விரும்பினால், வார நாள் மாலையில் என் வீணையோடு வருகிறேன், கட்டணம் வேண்டாம். தம்பி மைக்கை நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும், நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வீணை ஆசிரியை