கோப்பு புறப்படும் இடத்தில் கை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்படங்கள் வெளியான அன்றே இணையத்தில் கசிவதைத் தடுக்க அரசு இன்னும் கடுமை காட்ட வேண்டும் என்று உங்கள் தலையங்கம் கேட்டிருந்தது. சேலத்தில் செல்போன், கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஊர் இது. ஒரு படத்தை நம்பி எத்தனை பேர் வீட்டில் உலை கொதிக்கிறது என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடுமை எங்கே விழுகிறது என்பதுதான் எங்கள் கவலை. இன்று அது பெரும்பாலும் இணையதள முகவரிகள் மேலும், மெமரி கார்டில் படம் ஏற்றித் தரும் சின்னக் கடைகள் மேலும் விழுகிறது. படம் முதலில் கசிவது இந்த இரண்டு இடத்திலுமே இல்லை.

முகவரித் தடை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே அதன் பலவீனம் புரியும். நீதிமன்ற உத்தரவு வந்ததும் இணைய சேவை நிறுவனம் தளப் பெயரை ஐபி எண்ணாக, அதாவது சர்வரின் இணைய முகவரி எண்ணாக மாற்றித் தரும் தன் டிஎன்எஸ் சர்வரில் அந்தத் தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைக் கொடுக்காமல் நிறுத்துகிறது. வேறு டிஎன்எஸ் வழியாகக் கேட்கும் போனுக்கு இந்தத் தடை இருப்பதே தெரியாது. சில நிறுவனங்கள் இணைப்பு தொடங்கும்போது வரும் தளப் பெயரையும் பார்த்து வெட்டுகின்றன. அதற்குத் தளத்துக்காரர் செய்ய வேண்டியது பெயரின் வாலை (டாட் காம் போன்ற கடைசிப் பகுதியை) மாற்றுவது மட்டும்தான். சர்வரும் கோப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். 2018 நவம்பரில் ஒரே ஒரு படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் வெளியான அன்றே கசிந்தது. பெயர் மாறி வரும் தளங்களையும் புது வழக்கு போடாமல் பட்டியலில் சேர்க்கலாம் என்று 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வழி செய்தது. அப்படியும் தடை எப்போதும் ஓர் அடி பின்னால்தான் போகிறது. சர்வரையே தூக்கினாலும் கதை இதுதான். 2006 மே 31 அன்று ஸ்டாக்ஹோமில் போலீசார் பைரேட் பே என்ற திருட்டுப் பிரதித் தளத்தின் சர்வர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றே நாளில் தளம் திரும்பி வந்தது.

குறி தவறினால் அடி வாங்குவது வேறு ஆட்கள். 2012-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவை வைத்துச் சேவை நிறுவனங்கள் விமியோ என்ற வீடியோ தளம் போன்றவற்றை முழுதாகவே மூடின. திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட பக்கங்களுக்கு மட்டுமே தடை பொருந்தும் என்று அந்த ஜூனில் நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 2017 ஆகஸ்டில், 2,650 முகவரிகள் கொண்ட பட்டியலோடு சேர்ந்து ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளமும் முடங்கியது. அச்சில் இல்லாத பழைய தமிழ் நூல்களைத் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் அது.

இப்போது படங்கள் அதிகம் சுற்றுவது டெலிகிராமில். இலவசக் கணக்கிலேயே ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும். முழுப் படத்துக்கு அது தாராளம். அங்கே முடக்க ஒரு தளப் பெயர் கிடையாது. சேனலை நீக்கினால் முன்கூட்டியே தயாராக இருக்கும் மாற்றுச் சேனலுக்கு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். இதற்காகத்தான் 2023 நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனி அதிகாரிகளை நியமித்தது. அவர்கள் உத்தரவிட்டால் 48 மணி நேரத்துக்குள் இணைப்பை நீக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு அன்று மாலை உத்தரவு போட்டாலும் ஞாயிறு மாலை வரை அவகாசம் இருக்கிறது. வசூலில் பெரும்பகுதி அந்த மூன்று நாளில்தான். முதல் வாரப் படங்களுக்காவது இதைச் சில மணி நேரமாகக் குறைக்க வேண்டும்.

இந்த அதிகாரிகளிடம் தயாரிப்பாளர் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் புகார் தரலாம் என்பது பலருக்குத் தெரியாது. உரிமையாளர் அல்லாதவர் புகார் தந்தால் அதிகாரி விசாரித்து உண்மைத்தன்மையை உறுதி செய்துகொள்வார், அவ்வளவுதான். சேலத்துத் தியேட்டர் மேலாளர் ஒருவரே இதைச் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் பயன் இல்லை. கோப்பின் பெயர் ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். அந்தக் குறிப்பிட்ட பதிவுக்கு 'காப்பி லிங்க்' கொடுத்தால் கிடைக்கும் முகவரி, பார்த்த தேதி, நேரம், கோப்பின் அளவு ஆகிய நான்கும் சேர்ந்து போக வேண்டும்.

உண்மையில் பிடிக்க வேண்டிய இடம் தியேட்டர். அதற்கான கருவி ஏற்கெனவே அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. டிசிஐ என்ற டிஜிட்டல் திரையரங்குத் தரத்தில் இயங்கும் புரொஜெக்டரில் படக் கோப்பைத் திறந்து திரைக்கு அனுப்பும் பகுதியான மீடியா பிளாக், படம் ஓடும்போதே காட்சியிலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத வாட்டர்மார்க்கை, அதாவது அடையாளக் குறியைப் பதிக்கிறது. மொத்தம் 35 பிட், அதாவது பூஜ்யம் அல்லது ஒன்று என்ற 35 இலக்கங்கள். அதில் 16 பிட் நேரத்துக்கு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முத்திரை, ஆண்டு முழுவதும். மீதி 19 பிட் அந்த இயந்திரத்தின் இடத்தைச் சொல்லும். ஒவ்வோர் ஐந்து நிமிடக் காட்சிக்குள்ளும் இந்த 35-ம் முழுதாக வந்துவிடும். செல்போனில் பிடித்து, அளவைச் சுருக்கி ஏற்றிய பிரதியிலிருந்தும் இதை மீட்க முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். எந்தத் திரை, எந்தக் காட்சி என்று சொல்லிவிடும். வேறு முறையில் படம் காட்டும் அரங்குகளில் விநியோக நிறுவனங்கள் தங்கள் சொந்த வாட்டர்மார்க்கைப் பயன்படுத்துகின்றன.

இது வீணாவது சின்னக் காரணங்களால். உறுதியாக அடையாளம் காண 30 நிமிட மாதிரி வேண்டும்; வாட்ஸ்அப்பில் வந்த அரை நிமிடத் துண்டை அனுப்பினால் எதுவும் கிடைக்காது. கசிந்த கோப்பு எப்படி இறங்கியதோ அப்படியே, மறுபடி சுருக்காமல், பென்டிரைவில் போக வேண்டும். அடுத்தது, பழுதான மீடியா பிளாக்கை மாற்றும்போதோ வேறு திரைக்கு இடம் மாற்றும்போதோ பதிவேட்டில் வரிசை எண்ணைத் திருத்தாமல் விடுவது. பிறகு வாட்டர்மார்க் சம்பந்தமில்லாத அரங்கைக் காட்டும். ஒலியையும் கவனிக்க வேண்டும். படம் கோணலாக இருந்து, ஒலி மட்டும் இருமலோ விசிலோ இல்லாமல் துல்லியமாக இருந்தால், அந்த ஒலி பார்வையாளர் இருக்கையிலிருந்து பிடிக்கப்பட்டதல்ல. ஆபரேட்டர் அறையின் ஒலிக் கருவியிலிருந்து நேராக எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். விசாரணையை எங்கே தொடங்குவது என்று இதுவே சொல்லிவிடும். தண்டனையில் குறை இல்லை. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி அரங்கில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம், அதிகபட்சம் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம்.

சின்னக் கடைகளுக்கு வருவோம். ஏற்காட்டின் உட்கிராமங்களில் சிக்னல் நிற்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து இறங்கி வருகிறவர் 32 ஜிபி கார்டில் நாற்பது படம் ஏற்றிக்கொண்டு போவது அதனால்தான். இது குற்றம், நியாயம் சொல்ல வரவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம் சிறை, 50,000 ரூபாய் அபராதம். 64-ஆம் பிரிவின்படி உதவி ஆய்வாளரே வாரண்ட் இல்லாமல் பறிமுதல் செய்யலாம். வழக்கு உடைவது அதற்குப் பிறகு. பிடித்த கணினியை ஸ்டேஷனில் வைத்து, என்ன இருக்கிறது பார்ப்போம் என்று ஆன் செய்துவிடுகிறார்கள். விண்டோஸ் எழுந்திருக்கும்போதே பல கோப்புகளைத் தானாக மாற்றி எழுதும். அதன்பின் எடுக்கும் ஹாஷ் எண்ணுக்கும் (தரவின் கைரேகை மாதிரி, உள்ளே ஏதாவது மாறினால் இதுவும் மாறிவிடும்) பறிமுதல் நேரத்து நிலைக்கும் தொடர்பே இருக்காது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழில் அந்த ஹாஷ் எண்ணையும், எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். நிபுணர் கையெழுத்திடும் பகுதியும் தனியாக உண்டு.

சரியான முறை கடினமானதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினி என்றால் திரையைப் படம் எடுத்துவிட்டு மின்வயரை உருவ வேண்டும். ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவி வழியாக இரண்டு பிரதி எடுத்து, 64 எழுத்துள்ள எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணை மகஜரிலேயே எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சோதனை முழுவதையும் வீடியோ எடுப்பது இப்போது சட்டப்படியே கட்டாயம். இதையெல்லாம் விட்டுவிட்டு, 2004-ல் வீடியோ திருட்டையும் சேர்த்துக்கொண்ட குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஓராண்டு உள்ளே வைப்பது குறுக்கு வழி என்றே நினைக்கிறோம். ஆதாரம் நிற்கும் ஒரு வழக்கில் கிடைக்கும் ஆறு மாதத் தண்டனை அதைவிட உறைக்கும்.

டிஸ்பிளே மாற்றவும் சார்ஜிங் பின் போடவும் கடையில் விட்டுப்போன வாடிக்கையாளர் போன்களையும் அப்படியே மூட்டை கட்டுவதை நிறுத்த வேண்டும். அந்தப் போனில்தான் அவருடைய யுபிஐ, கேஸ் புக்கிங், பிள்ளையின் பள்ளிக்கூடக் குழு எல்லாம் இருக்கின்றன. ரசீதுப் புத்தகத்தில் பெயரும் தேதியும் இருக்கும். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ அடையாள எண்ணைக் குறித்து, போனைப் படம் எடுத்துக்கொண்டு, உரியவரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கி அன்றே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
செல்போன், கணினி பழுது பார்ப்போர் சிலர்,
ஐந்து ரோடு, சேலம்.