மகளுக்கு: முகில் அறை செய்யும் முறை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் "குவார்க்கைக் காட்டுங்கோ ரீச்சர்" என்று கேட்டால், அது முடியாது என்று நேரே சொல். குவார்க் என்பது புரோத்தனுக்கும் நியூத்திரனுக்கும் உள்ளே இருக்கும் அடிப்படைத் துணிக்கை. புரோத்தனில் இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க். நியூத்திரனில் ஒரு அப், இரண்டு டவுன். ஒன்றைப் பிரித்தெடுக்க இழுத்தால், இழுக்கும் சக்தியே குவார்க்கும் எதிர்க்குவார்க்குமாகப் புதிதாய்ப் பிறந்துவிடும். தனிக் குவார்க் கையில் வராது.

ஆனால் மியூவன் என்ற துணிக்கையின் தடத்தை முகில் அறையில், அதாவது துணிக்கை போன வழி வெள்ளை நூலாய்த் தெரியும் குளிர்ந்த ஆவிப் பெட்டியில், காட்டலாம். இலத்திரனைப் போல அதுவும் அடிப்படைத் துணிக்கை, திணிவு மட்டும் 207 மடங்கு. 1936 இல் விஞ்ஞானிகள் அண்டர்சனும் நெடர்மையரும் கண்டறிந்தது. கடல் மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வானிலிருந்து விழுகிறது, காசு செலவில்லை.

முகில் அறை செய்ய, சின்ன மீன் தொட்டி ஒன்று எடு. அடிப்பக்கத்தில் உள்ளே ஃபெல்ட் துணியைக் காந்தத்தால் பிடித்து வை. பசை வேண்டாம், அற்ககோலில் கரைந்து துணி விழுந்துவிடும். துணி சொட்டச் சொட்ட ஐசோபுரொப்பைல் அற்ககோல் விடு. 99 வீதமாக இருக்கவேணும். பாமசியில் தரும் 70 வீதத்தில் தண்ணீர் கூட, தடம் வராது. கறுப்பு மை பூசிய அலுமினியத் தட்டை டிரை ஐஸ் (உறைந்த காபனீரொட்சைட்டு) மேல் இடைவெளியில்லாமல் பதித்து, தொட்டியை அதன்மேல் கவிழ். விளிம்பைச் சுற்றிக் களிமண் ஒட்டு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சின்னக் கசிவு இருந்தாலும் தட்டில் உறைபனி படிந்து, உள்ளே மூடுபனி சூழ்ந்துவிடும். பிழைக்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

டிரை ஐஸ் −78 பாகை. தடித்த கையுறை போடு, ஜன்னலைத் திற, பக்கத்தில் நெருப்பு வேண்டாம். டிரை ஐஸ் பெட்டியின் மூடியை ஒட்டுநாடா ஒட்டி இறுக்காதே, வாயு சேர்ந்து வெடிக்கும். ஏசி வாகனத்துக்குள்ளும் வைக்காதே.

பத்துப் பதினைந்து நிமிடம் தொட்டியை அசைக்காமல் பொறு. விளக்கை அணைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் தட்டோடு சமாந்தரமாகப் பிடி. மேலிருந்து அடித்தால் தட்டு மட்டும்தான் தெரியும். முதலில் மெல்லிய மழை போல் தூறும். பிறகு தட்டுக்குச் சற்று மேலே வெள்ளை நூல்கள் தோன்றி, கண் சிமிட்டுமுன் கலையும். குட்டையாய்த் தடித்தது அல்பா துணிக்கை, கோணல்மாணலாய் அலைவது இலத்திரன். நீளமாய், நேராய், மெல்லியதாய் ஓடுவது பெரும்பாலும் மியூவன். கலைவதற்குள் பிள்ளைகளைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டு.

அன்புடன்,
அம்மா