ஏட்டில் புகாரே இல்லை

பாளையங்கோட்டை
ஆனி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

தேரோட்டத்துக்கு வருவாய் என்று அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து நான் வாங்கிக் கொடுத்தாயிற்று, கவலைப்படாதே. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது. கணக்கு வாத்தியார் இன்னும் உன்னைக் ‘கோடாலி’ என்றுதான் விசாரிக்கிறார்.

நாலு மாசமாக எழுதாததற்குத் திட்டிக்கொள். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நம்ம நூல் மில்லில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் அண்ணாச்சிக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள்லே. ராத்திரி ஷிப்டில் நூல் நூற்கிற 14ஆம் ரிங் பிரேமில் பேரிங் சத்தம் மாறுகிறது என்று மெஷினை நிறுத்தியிருக்கிறார். 40 நிமிஷம். பிரித்தால் பேரிங் கூடு உடைந்து, குண்டெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. கழற்றிப் போட்டதை நான் எடுத்தேன், கை சுட்டது. இன்னும் ஒரு ஷிப்ட் ஓடியிருந்தால் ஷாப்ட் போயிருக்கும். புது மேனேஜர் அந்தப் பேரிங்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. “யாரைக் கேட்டு நிறுத்தினீர்?” அவ்வளவுதான். உற்பத்தி நஷ்டம் என்று மெமோ. அதில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. போட்டுவிட்டேன் மாப்பிள்ளை. அண்ணாச்சி எதிரேதான் நின்றார். ஒரு வார்த்தை பேசாமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய முதலாளி இருந்தபோது காலை ஷிப்ட் மாறுமுன் உள்ளே வந்துவிடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? கருப்புப் பலகையில் நூலைச் சுற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முடிச்சோ தடிப்போ கண்ணில் பட்டால் நேரே அந்த பிரேமுக்கு நடப்பார். ஓட்டுகிற பிள்ளையிடம், “என்னம்மா செய்யுது இது?” என்று கேட்பார். அவள் சொல்லி முடிக்கிறவரை நிற்பார். கோபக்காரர்தான், என்னையே எத்தனை தடவை வைதிருக்கிறார்! ஆனால் மெஷினை நிறுத்தினவனை வைததே கிடையாது. இப்போது சின்ன முதலாளி, நம்ம சின்னவர், சென்னையில். வாரம் ஒரு தடவை திரையில் வருகிறார், எபிஷியன்சி எத்தனை சதவீதம் என்று கேட்கிறார், போய்விடுகிறார். கெட்டவர் இல்லை. அவர் காதுக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை.

அப்புறம் மெஷின் பழுதையெல்லாம் எழுதி வைக்கிற அந்த பிரேக்டவுன் ஏடு. முன்பெல்லாம் அண்ணாச்சியின் கோணல் எழுத்தில் பக்கம் நிறையப் புகார் இருக்கும். மெமோவுக்குப் பிறகு மூன்று வாரமாக ‘சரியாக உள்ளது, சரியாக உள்ளது’. புகார் குறைந்துவிட்டது என்று மீட்டிங்கில் மேனேஜரைப் பாராட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அத்தனை மெஷின் ஓடுகிற இடத்தில் மூன்று வாரம் ஒன்றுமே ஆகாமல் இருக்குமா?

கொக்கிரகுளம் படித்துறையில் உட்கார்ந்து நீ சொன்ன போயிங் விமானக் கம்பெனி கதைதான் ராத்திரியெல்லாம் மண்டைக்குள் ஓடுகிறது. 1997இல் மெக்டானல் டக்ளஸ் என்ற இன்னொரு விமானக் கம்பெனியை வாங்கின பிறகு கணக்குப் பார்க்கிறவர்கள் கை ஓங்கியதையும், 2001இல் தலைமை அலுவலகம் சியாட்டிலை விட்டு சிகாகோவுக்குப் போனதையும் சொன்னாய். விமானம் செய்கிற இடம் ஒரு மூலை, முடிவெடுக்கிற இடம் ஒரு மூலை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் அவர்களுடைய இரண்டு 737 மேக்ஸ் விமானம் விழுந்து 346 பேர் போனார்கள். மூக்கைத் தானாகக் கீழே அழுத்துகிற ஏற்பாடு, ஒரே ஒரு சென்சாரை நம்பி. 2024 ஜனவரியில் நடுவானத்தில் கதவுப் பலகை பிய்த்துக்கொண்டு போனதே, அதில் நாலு போல்ட் மாட்டவே இல்லை. தொழிற்சாலையில் அந்தப் பலகையைத் திறந்ததற்கு ஏட்டில் பதிவும் இல்லை என்றாய். அன்றைக்கு, “எழுதாமல் எப்படி விடுவான்?” என்று உன்னிடம் மல்லுக்கு நின்றேன். இப்போது எங்கள் ஏட்டையே பார்க்கிறேன்.

அண்ணாச்சி நேற்று கேன்டீனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மெமோ பற்றிப் பேச்சே இல்லை. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சின்னவருக்கு நேராக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்: அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன், பேரிங்கை நான் பார்த்தேன், நிறுத்தியது சரி என்று. நகல் இதோடு இருக்கிறது. கோபத்தில் எழுதின வரி ஏதாவது இருந்தால் அடித்து அனுப்பு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. 9ஆம் பிரேமிலும் சத்தம் மாறுகிறது. நாளை இரண்டாம் ஷிப்டில் அதை ஏட்டில் என் பெயர் போட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

உன்
மச்சான்