வாசிக்காமல் இருந்த நாட்களுக்கு நன்றி

அன்புடையீர்,

இந்த மடலை இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கை வலி என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் தடுத்தது கூச்சம்தான். மேடையில் ஆயிரம் பேர் கைதட்டினால் தலைவணங்கத் தெரிகிறது. உட்கார்ந்த இடத்தில் பணம் வந்து சேர்ந்தால் எப்படி வணங்குவது என்று தெரியவில்லை.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக ஓடும் தசைநாண்களின் உறை வீங்கிவிட்டது. வலி தொடங்கியதும் நிறுத்தியிருக்க வேண்டும். 'கை போய்விட்டது' என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த ஆண்டுக்குக் கூப்பிட ஆள் இருக்காது என்று பயந்து, மூன்று மாதம் மறைத்துக்கொண்டு வாசித்தேன். மருத்துவர் திட்டிவிட்டு, கையில் கட்டுப் போட்டு, ஆறு வாரம் வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது என்றார். மருந்து ஓய்வுதான். தனி ஆளாக இசை செய்து பிழைப்பவனுக்கு அதைவிட விலை கூடிய மருந்து கிடையாது. சம்பளத்தோடு விடுப்பு எழுதிக் கொடுக்க எனக்கு மேல் யாரும் இல்லை. போகாத கச்சேரிக்கு யார் பணம் தருவார்கள்?

"உன் பாட்டுதான் எல்லா இடத்திலும் ஓடுகிறதே" என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஓடுகிறது. ஆனால் ஸ்ட்ரீமிங் தளங்களில் பெரும்பாலானவை ஒரு முறை கேட்டதற்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. வந்த பணத்தை ஒரே குவியலாக்கி, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில் பிரிக்கின்றன. நீங்கள் மாதம் முழுவதும் என்னை மட்டுமே கேட்டாலும் உங்கள் சந்தா முழுவதும் என்னிடம் வந்து சேராது. பெரிய தளம் ஒன்றில் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அந்தப் பங்கும் இல்லை. என் பாட்டுகளில் பாதி அந்த வாசற்படியிலேயே நிற்பவை.

உதவி கேட்கலாம் என்று என் நண்பன் சொன்னபோது மூன்று முறை மறுத்தேன். "டிக்கெட் விற்றபோது கூசவில்லையே" என்றான். நான்காவது முறை, கட்டுப் போட்ட கையைப் படமெடுக்கக் கூடாது, 'நலிந்த கலைஞர்' என்று எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். அவன் எழுதியது இரண்டே வரி: "இவர் ஆறு வாரம் வாசிக்கக் கூடாது. அந்த ஆறு வாரத்துக்கு நாம் சம்பளம் கொடுப்போம்." என் வாழ்க்கையில் வாசிப்பதற்குப் பேசிய தொகை கைக்கு வராமல் போனதுண்டு. வாசிக்காமல் இருப்பதற்கு எனக்குக் கூலி கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

ஆறு வாரம் பதினான்கு வாரமாக நீண்டது. ஒருவர்கூட "இன்னுமா?" என்று கேட்கவில்லை.

பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் இணையதளத்தில் என் பழைய தொகுப்புகளை வாங்கியவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலிக்கோப்பு விற்றால் அந்தத் தளம் வழக்கமாக நூற்றுக்கு 15 எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச் முதல், சில வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதை விட்டுக்கொடுக்கிறது. உங்களில் பலர் காத்திருந்து அந்த வெள்ளிக்கிழமையில் வாங்கியிருக்கிறீர்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் தொகுப்பையே மறுபடி வாங்கியவர்களும் உண்டு. பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

பணம் அனுப்பாமல் உதவியவர்களும் இருக்கிறார்கள். என் மாணவர்கள் யாரும் வகுப்பை நிறுத்தவில்லை. வாயால் பாடிப் பாடியே சொல்லிக்கொடுத்தேன். அவர்களுடைய சுருதி முன்னைவிடத் தெளிவாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. என் தேதிகளை ஏற்று வாசித்த சக வயலின் கலைஞர், ஒவ்வொரு மேடையிலும் "இது அவருடைய இடம், நான் காத்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வில்லை எடுத்தாராம்.

இன்னொருவர் கணக்கு எழுதுபவர். இசை பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார். என் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு இரவு இரவாக உட்கார்ந்தார். என் பெயர் மூன்று விதமாக எழுத்துக்கூட்டப்பட்டு, மூன்று வெவ்வேறு ஆட்களைப் போலக் கிடந்தது. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடான ஐ.எஸ்.ஆர்.சி. சில பதிவுகளில் தவறாக இருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. பாட்டை இயற்றியவருக்கு ஓர் உரிமை, அந்தப் பதிவில் வாசித்தவருக்கு வேறோர் உரிமை என்பதும் இத்தனை வருடம் எனக்குச் சரியாகத் தெரியாது. வாசித்தவன் என்ற முறையில் நான் எங்குமே பதிந்துகொள்ளவில்லை. எல்லாவற்றையும் திருத்தி, விண்ணப்பங்களை நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் என்னை எழுப்பினார். அதனால் வந்த தொகை பெரிதல்ல. ஆனால் அது என்னுடையது, நான் குனிந்து எடுக்காமல் விட்டது.

கட்டோடு இருந்த நாட்களில் ஒருவர் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷரின் கதையை எழுதி அனுப்பினார். 1960களின் நடுவில் அவருடைய வலது கை விரல்கள் இரண்டு மடங்கிக்கொண்டன. இடது கைக்கென்றே எழுதப்பட்ட படைப்புகளை வாசித்தார், இசைக்குழு நடத்தினார். இரண்டு கைகளோடும் மேடைக்குத் திரும்பியது 1990களில். தைரியம் சொல்லத்தான் அனுப்பினார். எனக்கு அதில் கண்ணில் பட்டது வேறு: அத்தனை வருடமும் அவர் இசைக் கல்லூரி ஆசிரியராக இருந்தார். மன உறுதிக்குக் கீழே ஒரு மாதச் சம்பளமும் இருந்தது. எனக்கு அந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

வந்த பணத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் சிகிச்சைக்கும் போயிற்று. ஒரு பகுதியை, நான் ரத்து செய்த கச்சேரிகளால் வருமானம் இழந்த என் தாளக் கலைஞரிடம் கொடுத்தேன். உங்களைக் கேட்காமல் செய்த காரியம். கோபமிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அவரிடம் வேண்டாம். உதவி கேட்ட அறிவிப்பை எடுத்துவிட்டோம். இனி அனுப்பாதீர்கள்.

இப்போது ஐந்து நிமிடம் வாசித்து, பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி ஐந்து என்று ஒரு நாளில் இருபது நிமிடம் வரை போகிறது. கடிகாரம் அடித்தால் ராகத்தின் நடுவிலும் வில்லை வைத்துவிடுகிறேன்.

மிகச் சிறிய தொகையை அனுப்பி, அதற்கு மன்னிப்பும் கேட்டு, "திரும்பி வந்ததும் உங்கள் மூன்றாவது தொகுப்பின் கடைசிப் பாட்டைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள், எப்போதும் அவசரப்படுகிறீர்கள்" என்று எழுதியிருந்தவருக்கு: நேற்று வாசித்துப் பார்த்தேன். இப்போதைக்கு மெதுவாகத்தான் வருகிறது. நீங்கள் சொன்னது சரி.